கைமாறி வரும் டீசல் வண்டி

நெய்த துணியையும் விளைந்த காய்கறியையும் சந்தை சேர்க்கச் சொந்த வண்டி வேண்டுமென அங்கத்தினர் பலர் விரும்புகின்றனர். புதியது வாங்கப் பொருள் போதாதபோது பழையதை நாடுவதில் தவறில்லை. ஆனால் வர்ணப் பூச்சின் பளபளப்பைக் கண்டு நாம் முன்பணம் கொடுத்துவிடலாகாது.

அசோக் லேலண்டு லாரிகள் உருவாகும் எண்ணூரிலேயே ஆயினும், கடற்காற்று இரும்பை விடுவதில்லை. இராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் ஓடிய வண்டியெனில் முதலில் குனிந்து அடிச்சட்டத்தை நோக்குவோம். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்னும். துரு தின்ற இடம் மந்தமாய் ஒலித்துப் பொடி உதிர்க்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வட சென்னையைச் சூழ்ந்தது. ஆகையால் இருக்கையின் அடியிலும் மின்கம்பி இணைப்புகளிலும் சேற்றுப் படிவு உண்டாவெனத் தேடுதல் அவசியம்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே கிளப்பச் செய்வோம். நாம் செல்லுமுன் சூடாக்கி வைத்திருந்தால் ஐயத்திற்கு இடமுண்டு. நீலப்புகை ஓயாவிடில் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. கரும்புகை மிகுந்தால் காற்று வடிகட்டியையும் டீசல் பீச்சும் பாகத்தையும் சோதிக்க வேண்டும். எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது, அவ்வண்டி வேண்டாம்.

பதிவுச் சான்றிலுள்ள எஞ்சின், சேஸிஸ் எண்கள் வண்டியில் பொறித்தவற்றோடு ஒத்திருக்க வேண்டும். தகுதிச் சான்று, பர்மிட், வரி, இன்ஷூரன்ஸ் ஆகியவற்றின் தேதிகளையும் காண்க. வண்டியின்மேல் கடன் இருந்திருப்பின், அது தீர்ந்ததற்குப் படிவம் 35 பெறுக. பெயர் மாற்றத்திற்குரிய 29, 30 ஆம் படிவங்களில் கையொப்பமாகுமுன் முழுத்தொகை தரலாகாது.

நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை உடனழைத்துச் செல்லும் கூலி சிறிது. பாதிவழியில் வண்டி நின்றால் வாடிப்போகும் காய்கறியின் நஷ்டமோ பெரிது.