தொட்டியில் வளரும் விருட்சங்கள் – 9: ஜூனிபருக்கு மண் மாற்றும் காலம்

ஆலும் அரசும் இச்சியும் வேர்க் கத்தரிப்பை எவ்வளவு எளிதாகத் தாங்கிக்கொள்ளும் என்பதைச் சென்ற இதழில் விவரித்திருந்தேன். வேரில் பாதியை நீக்கி, மண்ணை முழுவதும் அலசி, இலைகளையும் கிள்ளி எறிந்துவிட்டாலும், உஷ்ணமும் ஈரமும் கூடியிருந்தால் அவை சில வாரங்களில் துளிர்த்துவிடும். அதே தைரியத்தோடு ஜூனிபரைத் தொட்டியிலிருந்து கவிழ்த்து, வேரைக் குழாயடியில் கழுவியவர்கள் மரத்தையே பறிகொடுத்திருக்கிறார்கள். பாலக்காட்டு எல்லையிலும் இடுக்கி மலைகளிலும் இந்த போன்சாயை ஆசையோடு வாங்கி வளர்க்கும் அன்பர்களுக்கு இதைச் சற்று விரிவாகச் சொல்வது அவசியம் என்று கருதுகிறேன்.

ஜூனிபர் குளிர்ப் பிரதேசத்து விருட்சம். இமாலயத்தில் காஷ்மீர் முதல் சிக்கிம் வரை அதன் இனங்கள் சுயமாக வளர்கின்றன. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலோ கூம்பு மர வர்க்கத்தில் இயற்கையாக உள்ளது நிறம்பல்லி ஒன்றே, அதுவும் ஜூனிபருக்கு நெருங்கிய உறவன்று. ஆலின் இனம் தன் சேமிப்பை வேரிலும் தண்டிலும் வைத்திருப்பதால் இலையை இழந்தும் பிழைக்கிறது. ஜூனிபரின் ஜீவசக்தி பெரும்பகுதியும் அதன் பசுந்தழையிலேயே தங்கியிருக்கிறது. ஆகவே வேரைக் குறைத்த பருவத்தில் தழையைக் குறைப்பதும், கிளைக்குக் கம்பி சுற்றி வளைப்பதும் கூடவே கூடா.

காலத்தைப் பற்றித்தான் பெரிய குழப்பம். 1923ஆம் ஆண்டின் பெரும் பூகம்பத்துக்குப் பிறகு டோக்கியோவை விட்டு வெளியேறிய தோட்டக்காரர்கள் 1925இல் ஓமியாவில் போன்சாய்க் கிராமம் அமைத்தார்கள். அத்தகைய ஜப்பானியத் தோட்டங்களின் அனுபவத்தை ஒட்டி எழுந்த நூல்கள், வசந்தம் பிறக்கும் மார்ச் மாதத்தில் மண் மாற்றச் சொல்கின்றன. ஓமியா ஏறக்குறைய 36 டிகிரி வடக்கே இருக்கிறது; பாலக்காடு 11 டிகிரிகூட இல்லை. அங்கே பனி உருகும் மார்ச், இங்கே வயல் வெடிக்கும் மார்ச்.

இடுக்கியின் உயரமான ஊர்களில் விஷயம் அவ்வளவு கடினமன்று. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மூணாறிலும், வட்டவடையிலும் மார்கழி, தை இரவுகளில் சில சமயம் உறைபனி விழும். மரம் அரை உறக்கத்தில் கிடக்கும். தை மாதப் பின்பாதியிலிருந்து மாசி நடுவுக்குள், அதாவது மலையாளத்து அயலார் மகரம் என்றும் கும்பம் என்றும் சொல்லும் அந்த இடைவெளியில், தழையின் நுனிகள் லேசாக வெளிறிப் பச்சை கூடும், அதுவே தருணம். இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை கொட்டத் தொடங்குவதற்குள் புதுவேர் மண்ணைப் பற்றிக்கொள்ள மூன்று மாத அவகாசம் கிடைத்துவிடுகிறது. மழை மறைவிலுள்ள மறையூர்ப் பக்கத்தவர்கள் வெயில் முன்னதாகவே ஏறிவிடுவதை உத்தேசித்துத் தை மாதத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது.

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், வாளையாறு ஆகிய சமவெளி ஊர்களைப் பற்றி என் அபிப்பிராயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: ஜூனிபர் அந்த மண்ணுக்கு உகந்த மரமன்று, குளிர்கால ஓய்வு கிட்டாமல் ஆண்டுக்காண்டு அது மெலிந்துகொண்டே போகும். இருந்தும் வளர்ப்பவர்கள், மார்கழிக் கடைசியிலோ தை முதலிலோ மண் மாற்ற வேண்டும். அப்போது வெயிலைக் காட்டிலும் காற்றுதான் சத்துரு. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியே அந்த மாதங்களில் வீசும் வறண்ட கிழக்குக் காற்று, வேர் குறைந்த மரத்தின் தழையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிவிடும். தொட்டியைச் சுவரின் மேற்குப் பக்கம் ஒதுக்கி வைப்பதே பரிகாரம். பங்குனி, சித்திரையில் உஷ்ணம் 40 டிகிரியை எட்டும்போது மண் மாற்ற எண்ணவே வேண்டாம்.

ஆண்டுதோறும் செய்யவேண்டிய காரியமும் அன்று இது. இளமரத்துக்கு இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒரு முறையும், முதிர்ந்ததற்கு நான்கைந்து ஆண்டுக்கு ஒரு முறையும் போதும். ஊற்றிய நீர் உள்ளிறங்காமல் மேலேயே நின்றாலோ, வேர் நெருக்கிக் கட்டியைத் தொட்டி விளிம்புக்கு மேல் உயர்த்தினாலோ வேளை வந்ததென்று அறியலாம்.

மண் சற்றே உலர்ந்த நிலையில் மரத்தை எடுத்துப் பாருங்கள். பைன் மரத்தின் தாய்மண்ணில் படர்ந்திருக்கும் வெண்ணிற நூலாம்படை போன்ற பூஞ்சையை இதில் தேடாதீர்கள். ஜூனிபரின் வேரோடு கூடி வாழ்ந்து அதற்கு நீரும் உப்பும் தேடித் தரும் பூஞ்சை வேருக்குள்ளேயே குடியிருப்பதால் வெறும் கண்ணுக்குப் புலப்படாது. ஆயினும் அது மரத்துக்கு நல்ல துணை. ஆதலால் தாய்மண்ணை ஒருபோதும் முழுவதும் நீக்கலாகாது. மூங்கில் குச்சியால் ஒரு பாதியை மாத்திரம் மெல்லக் கோதி, சுற்றி வளைந்த வேர்களையும் கறுத்து அழுகியவற்றையும் நறுக்கி, மறு பாதியைத் தொடாமல் அடுத்த முறைக்கு விட்டுவிடுவதே பெரியவர்கள் கைக்கொள்ளும் முறை. மொத்த வேரில் மூன்றிலொரு பங்குக்கு மேல் போகக் கூடாது. கோதும் நேரமெல்லாம் வேரின்மேல் நீர் தெளித்துக்கொண்டிருக்க வேண்டும்.

புது மண்ணுக்கு ஜப்பானியரின் அகடாமா என்னும் களிமண் குருணையைத் தேடி அலைய வேண்டியதில்லை. உடைந்த மங்களூர் ஓட்டை நுணுக்கி, 3 முதல் 6 மில்லிமீட்டர் பருமனுள்ள சில்லுகளாகச் சலித்து, அதே பருமனில் பெருமணலும் சிறிது மக்கிய இலையுரமும் சேர்த்தால் போதும். சல்லடைக்குக் கீழே விழும் தூளை மட்டும் தயவு தாட்சண்யமின்றிக் கொட்டிவிடுங்கள், இடவப்பாதியில் வேரை அழுக வைப்பது அந்தத் தூள்தான். துளைகளின் வழியே கோத்த கம்பியால் மரத்தை அசையாமல் கட்டுவதை மறக்கலாகாது. காற்றில் மரம் ஆடினால் புதுவேர் அறுந்துபோகும். பிறகு, வடியும் நீர் தெளியும்வரை ஊற்ற வேண்டும்.

இரண்டு, மூன்று வாரம் இளவெயிலும் காற்று மறைப்பும், தழைக்கு அவ்வப்போது நீர்த்தூவலும் தேவை. உரம் ஒன்றரை மாதம் கழித்தே. இந்த நாட்களில் தழையின் பசுமையைக் கண்டு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். வேர் செத்த பிறகும் ஜூனிபர் பல வாரம் பச்சையாகவே தோன்றும். நுனிகளில் வெளிர்ப்பச்சைப் புதுத்துளிர் நீண்டால்தான் வேர் பிடித்ததென்று பொருள். செதில் தழைக்கு நடுவே ஊசி போன்ற இளந்தழை கிளம்பினால் மரம் சிரமப்பட்டிருக்கிறது என்று அறிந்து, அதைக் கிள்ளாமல், அந்த ஆண்டு முழுவதும் கத்தரியையும் கம்பியையும் கிட்டக் கொண்டுபோகாமல் விட்டுவிட வேண்டும்.