வால்பாறை ரோட்டில் பழைய ஹெரால்டு: மலை ஏறும் முன் எதைக் கழற்றிப் பார்க்கணும்?

ஆழியாரில் இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை. 9-வது வளைவில் இருக்கும் லோம்ஸ் வியூ பாயின்ட்டில் நிறுத்தி செல்ஃபி எடுக்காதவர்கள் ரொம்பக் குறைவு. இதே ரோட்டில் தாத்தா காலத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டை ஏற்றிப் பார்க்கணும்னு ஆசையா? பெயின்ட், குரோம், சீட் கவர் எல்லாம் அப்புறம். முதல் செலவு முன் சஸ்பென்ஷனுக்கு.

ஹெரால்டு ஸ்போர்ட்ஸ் காரா?

இல்லை. சென்னையை ஒட்டிய வண்டலூரில் 1961 முதல் தயாரான சாதாரண குடும்ப கார்தான். ஆனால், அதன் முன் சஸ்பென்ஷனுக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஜாதகம் உண்டு. பிரிட்டனில் 1962-ல் வந்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் இதே அமைப்பைத்தான் எடுத்துக்கொண்டது. முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டு லோட்டஸ் எலானுக்குக்கூடப் போனது. லண்டனில் எலான் ஓட்டியவருக்குக் கீழே இருந்த சமாச்சாரம், மெட்ராஸில் அலுவலகம் போனவருக்குக் கீழேயும் இருந்தது!

இன்னொரு விஷயம், இந்தக் கார் திரும்பும் வட்டத்தின் விட்டம் 25 அடி, அதாவது சுமார் 7.6 மீட்டர். இன்றைய ஸ்விஃப்டுக்கு அது 9.6 மீட்டர். கொண்டை ஊசி வளைவுக்கென்றே செய்த மாதிரி இருக்கிறதல்லவா? சிக்கலும் அங்கேதான்.

அது என்ன ட்ரன்னியன்?

அந்தச் செங்குத்துத் தண்டின் மேல் முனையில் வழக்கமான பால் ஜாயின்ட் இருக்கிறது. கீழ் முனையில் பால் ஜாயின்ட் கிடையாது. அங்கே தண்டில் மரை வெட்டி, வெண்கலக் கட்டி ஒன்றுக்குள் முறுக்கி இறக்கியிருப்பார்கள். அந்தக் கட்டிதான் ட்ரன்னியன். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் இரும்புத் தண்டு வெண்கலத்துக்குள் மரையோடு சுழலும்.

இதற்குப் போட வேண்டியது கியர் ஆயில், 90 கிரேடு. கிரீஸ் அல்ல. ஆனால் கிரீஸ் கன் கையில் இருந்தால் யார் யோசிக்கிறார்கள்? கிரீஸ் கெட்டியாகி வழியை அடைத்துவிடும். மரை வரைக்கும் போய்ச் சேராது. மழைத் தண்ணீர் மட்டும் தாராளமாகப் போகும். வால்பாறை மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உள்ளே துரு பிடித்து மரை இறுகும். ஒருநாள் தண்டு அந்த மரைப் பகுதியிலேயே முறியும். சக்கரம் மடங்கி வெளியே சாயும்.

இது வேகமாகப் போகும்போதுதான் நடக்கும் என்று நினைக்காதீர்கள். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து, மெதுவாகத் திரும்பும்போதுதான் இறுகிய மரைக்கு முறுக்கு அதிகம். கொண்டை ஊசி வளைவில் நாம் செய்வதும் அதையேதான். 40 முறை.

கழற்றும்போது கவனம்

ஒரு வசதி, ஹெரால்டின் பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்த பிறகுதான் சக்கரத்தைக் கழற்றணும். ஷாக் அப்சார்பரைச் சுற்றி ஸ்பிரிங் அமுக்கத்தில் நிற்கிறது. அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் அதன் மேல் நட்டைத் தொடவே கூடாது. கை போய்விடும்.

கீழ் ஆர்மைச் சேசிஸில் பிடித்திருக்கும் இடத்தில் மெல்லிய தகடுகள் செருகியிருக்கும். எந்தப் பக்கம் எத்தனை என்று எழுதி வையுங்கள், போட்டோவும் எடுங்கள். சக்கரத்தின் சாய்வு அந்தத் தகடுகளில்தான் இருக்கிறது.

இரண்டு பக்க ட்ரன்னியனும் பார்க்க ஒரே மாதிரிதான். ஆனால், ஒன்றில் நேர் மரை, மற்றதில் எதிர் மரை. கலந்து வைத்தால் நமக்கே மரை கழன்றுவிடும். புதுசைப் பூட்டும்போது அடி வரைக்கும் முறுக்கிவிட்டு, ஒரு சுற்றுப் போலத் திருப்பிவிடணும். இல்லாவிட்டால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் முழுசாக ஒடியாது. ஸ்பிட்ஃபயர் 1980 வரை தயாரானதால், பிரிட்டனில் இதன் பாகங்களை இன்னும் செய்கிறார்கள்.

ரப்பர் புஷ் போல்ட்டுகளைக் கார் அந்தரத்தில் இருக்கும்போதே இறுக்கிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. தரையில் இறக்கி, வண்டியின் எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகே கடைசி இறுக்கு. முன்னாடியே இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும். அப்புறம் வீல் அலைன்மென்ட்.

சரியாக இருக்கா, எப்படித் தெரியும்?

ட்ரன்னியனில் இருக்கும் சின்ன பிளக்கைக் கழற்றி நிப்பிள் போட்டு, கியர் ஆயிலை அழுத்துங்கள். மேலே ரப்பர் சீல் ஓரமாக ஆயில் கசிந்து வந்தால், மரை முழுக்க ஆயில் போய்விட்டது என்று அர்த்தம். எவ்வளவு அழுத்தியும் வரவில்லையா? அன்றைக்கு ஆழியார் டேமைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். அதுவும் பஸ்ஸில்.