முதற் கமரா வாங்குவோர்க்கு

உரும்பிராய் மக்களாகிய நமக்கு நிழற்படத்தின் அருமை சொல்லித் தெரியவேண்டியதன்று. 1995 ஒக்டோபரில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, எத்தனையோ வீடுகளின் அல்பங்கள் அழிந்துபோயின. ஆதலால், மாணவர் ஒருவர் தம் சிறு சேமிப்பிலே டிஜிற்றல் எஸ்.எல்.ஆர். கமரா வாங்க விரும்பின், அது வீண்செலவன்று.

ஆயினும், பணம் முழுவதையும் கமராவுக்கே கொடுத்துவிடலாகாது. படத்தின் தெளிவுக்கு வில்லையும் காரணமன்றோ! 2018இல் வெளிவந்த நிக்கொன் டி3500, கனொன் 1500டி போன்றவற்றுள் ஒன்றைப் பழையதாக வாங்கினாற் போதும். ஷட்டர் எத்தனை தடவை இயங்கியதென முதலிற் கேட்டறிக. மிஞ்சும் பணத்தில், அக்கமராவுக்குப் பொருந்தும் 50 மில்லிமீற்றர், எஃப் 1.8 வில்லையொன்றை வாங்குக. மங்கிய விளக்கொளியிலும் அம்மம்மாவின் முகம் துலங்கும்.

எடுத்த படங்களுக்குப் பிரதி செய்து, ஒன்றைக் கடல்கடந்த உறவினரிடமும் சேர்த்து வைப்போமாக. இழந்தவர்க்கன்றோ அதன் அருமை தெரியும்!