ஐம்பது ரூபாய் முத்திரையும் தபால் தொழிற்சங்கங்களின் எதிர்ப்பும்

கடிதங்களைக் கொண்டுசெல்ல அரசுக்கு மட்டும் இருக்கும் தனியுரிமையை நீக்கி, தனியாருக்கும் வழி திறந்துவிடுவதே தபால் சேவையின் கட்டுப்பாடுகளைத் தளர்த்துவது என்பதன் பொருள். இலங்கையில் அந்தத் தனியுரிமை 1908ஆம் ஆண்டின் தபாலகக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருகிறது. அதோடு சேர்ந்த கடமை, எந்த மூலைக்கும் ஒரே கட்டணத்தில் கடிதம் சேர்ப்பது. 2022 ஆகஸ்டில் சாதாரண கடிதக் கட்டணம் 15 ரூபாயிலிருந்து 50 ரூபாயாக உயர்ந்தபோதும், கொழும்புக்குள் போகும் கடிதத்துக்கும் மல்லாவிக்கு வரும் கடிதத்துக்கும் ஒரே முத்திரைதான்.

இரண்டுக்கும் ஆகும் செலவு ஒன்றல்ல. கொழும்பின் மாடிக் கட்டடமொன்றில் ஒரே நடையில் ஒரு கட்டுக் கடிதங்களைக் கொடுத்துவிடலாம். மல்லாவியோ மாங்குளத்தில் ஏ9 வீதியை விட்டு மேற்கே உள்ளே போகவேண்டிய ஊர். அங்கிருந்து யோகபுரம், அனிச்சியன்குளம், வவுனிக்குளம் பக்கமாக, வயல்களுக்கும் வாய்க்கால்களுக்கும் இடையே தள்ளித் தள்ளி இருக்கும் வளவுகளுக்கு ஒற்றைக் கடிதத்துக்காகவும் போகவேண்டும். அது வேலைக்கான நேர்முகத் தேர்வு அழைப்பாக இருந்தால், ஒரு நாள் பிந்தினாலும் வாய்ப்புப் போய்விடும். நகரத்தில் மிஞ்சுவதே இந்தப் பயணத்தைத் தாங்க உதவுகிறது.

தொழிற்சங்கங்களின் வாதம் இங்கிருந்துதான் பிறக்கிறது. தனியார் இலாபம் தரும் நகரங்களை எடுத்துக்கொள்வார்கள். கிராமங்கள் அரசின் தலையில் விழும். நட்டம் பெருகியதும் உப தபாலகங்களை மூடும் பேச்சு எழும் என்கின்றன அவை. பிரித்தானியாவின் அனுபவம் இந்த அச்சத்துக்கு வலுச்சேர்க்கிறது. 2006 ஜனவரியில் அங்கே கடிதச் சந்தை முழுதாகத் திறக்கப்பட்டது. தனியார் நிறுவனங்கள் கம்பனிகளின் மொத்தத் தபாலை வாங்கித் தரம்பிரித்து, வாசல்வரை கொண்டுபோகும் வேலையைப் பெரும்பாலும் அங்குள்ள பழைய தபால் சேவையான ரோயல் மெயிலிடமே விட்டன. வீடுவரை விநியோகத்தில் இறங்கிய விஸ்ல் நிறுவனம் லண்டன், மன்செஸ்டர், லிவர்பூல் நகரங்களையே தேர்ந்தது. 2015இல் அதையும் கைவிட்டது.

கனடா 2010இல் வெளிநாடுகளுக்கான கடிதங்களைத் தனியாருக்குத் திறந்தபோது, அங்குள்ள தபால் ஊழியர் சங்கம் எதிர்த்தது. இந்தியா 2023 டிசம்பரில் நிறைவேற்றிய அஞ்சலகச் சட்டம், 1898ஆம் ஆண்டுச் சட்டம் தந்திருந்த தனியுரிமையை விட்டுவிட்டது. தனியார்மயத்துக்கு இது வழிவகுக்கும் என்று அங்குள்ள அஞ்சல் ஊழியர் சங்கங்கள் எச்சரித்தன.

இலங்கையில் மோதல் கடிதத் தனியுரிமையை வைத்து அல்ல, ஒரு கட்டடத்தை வைத்து வெடித்தது. 1894இல் கட்டப்பட்ட நுவரெலியா தபாலகத்தைச் சுற்றுலா முதலீட்டுக்குக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்து, 2023 நவம்பரில் தபால் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. அரசு தபால் சேவையை அத்தியாவசிய சேவையாக வர்த்தமானியில் அறிவித்தது. ஊழியர் வேலையை நிறுத்தும்போது அத்தியாவசியமாகும் சேவை, பணம் ஒதுக்கும்போதும் அத்தியாவசியமாகவே இருக்கவேண்டும்.

அரசின் பக்கத்திலும் நியாயம் உண்டு. கடிதங்கள் குறைந்துவிட்டன, தபால் திணைக்களத்தின் செலவு வருமானத்தை விஞ்சுகிறது, அந்த இடைவெளியைத் திறைசேரியே நிரப்புகிறது. ஆகவே சீர்திருத்தமே வேண்டாம் என்று தொழிற்சங்கங்கள் சொல்லிவிட முடியாது. பிந்தி வரும் கடிதத்துக்கு அவையும் பதில் சொல்லவேண்டும். ஆனால் சந்தையைத் திறப்பதற்கு முன்னர், எல்லா ஊருக்கும் ஒரே கட்டணம் என்ற கடமையைச் சட்டம் உறுதிசெய்யவேண்டும். கடிதம் எடுக்கும் எந்த நிறுவனமும் மல்லாவிக்கும் கொண்டுபோகவேண்டும். இல்லையேல் அந்தச் செலவில் பங்கு செலுத்தவேண்டும். அந்த உறுதி வரும்வரை தொழிற்சங்கங்களின் எதிர்ப்பு நியாயமானது.