பிரவுசர் எதை மறக்கிறது

சயான் ரயில் நிலையத்தில் இறங்கி ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தாலும் சரி, தாராவிக்குள் திரும்பி 90 அடி சாலையைப் பிடித்தாலும் சரி, வழியில் ஒரு ஜெராக்ஸ் கடையாவது தென்படும். ஆதார் பிரிண்ட், பான் கார்டு விண்ணப்பம், ஊருக்குப் போக ரயில் டிக்கெட், பிள்ளைகளின் காலேஜ் அட்மிஷன் என்று எல்லாமே அங்கிருக்கும் ஓரிரு கம்ப்யூட்டர்களில் நடந்து முடிகின்றன. காலையிலிருந்து இரவுவரை ஆள் மாறி ஆள் வந்து உட்காரும் அந்தக் கம்ப்யூட்டரின் டிஸ்கில் யாரும் திறந்து பார்க்காத ஃபோல்டர் ஒன்று இருக்கிறது. வந்தவர்கள் பார்த்த பக்கங்களின் படங்கள், எழுத்துருக்கள், நிரல் துண்டுகள் அதில் நாள் முழுக்கச் சேர்ந்துகொண்டே இருக்கும். பிரவுசர் யாரையும் கேட்காமல் தனக்கென்று வைத்திருக்கும் கேஷ் ஃபோல்டர் அது.

இப்படி ஒன்று எதற்குத் தேவை என்பதற்கு இயற்பியலில் பதில் இருக்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் ஓடும். மும்பையிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு நேர்கோட்டுத் தூரமே 13,000 கிலோமீட்டருக்கு மேல். போய்த் திரும்ப ஒளிக்கே 130 மில்லி நொடிக்குக் குறையாமல் ஆகும். கடலடிக் கேபிள்கள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் நடைமுறையில் 200 மில்லி நொடியைத் தாண்டிவிடுகிறது. எவ்வளவு பணம் கொட்டினாலும் ஒளியின் வேகத்தைக் கூட்ட முடியாது. ஒரு பக்கம் திறக்க ஐம்பது, நூறு துண்டுகள் வரவேண்டியிருக்கும்போது, ஒவ்வொன்றுக்கும் கடல் தாண்டிப் போய் வராமலிருக்க ஒரே வழி, ஒருமுறை வந்ததைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வது.

விதேஷ் சஞ்சார் நிகம் 1995 ஆகஸ்ட் 15 அன்று மும்பையிலும் வேறு சில பெருநகரங்களிலும் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்ட காலத்தில் இது இன்னும் கூர்மையாக உறைத்திருக்கும். தொலைபேசி இணைப்பில் 9.6 கிலோபிட் வேகம் என்றால் நொடிக்கு 1,200 பைட். 60 கிலோபைட் அளவுள்ள ஒரு சின்னப் படம் வந்து சேர 50 நொடி. அதே படம் டிஸ்கில் இருந்தால் கண் சிமிட்டுவதற்குள் வந்துவிடும்.

அந்த ஃபோல்டருக்குள் போய்ப் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஏமாந்து திரும்புவார்கள். படம் படமாகத் தெரியாது, பக்கம் பக்கமாகத் தெரியாது. விண்டோஸில் குரோம் கையாளும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. சின்னச் சின்னத் துண்டுகளுக்கெல்லாம் தனித்தனிக் கோப்பு போட்டால் டிஸ்கில் இடம் வீணாகும். ஆகவே 256 பைட், 1,024 பைட், 4,096 பைட் என்று மூன்று அளவுகளில் கட்டங்கள் பிரித்த கோப்புகளை வைத்திருக்கிறது. வருவது எந்த அளவுக்குப் பொருந்துமோ அந்தக் கோப்பில், தேவைப்பட்டால் அடுத்தடுத்த சில கட்டங்களைச் சேர்த்து, போய் அமர்ந்துகொள்ளும். 16 கிலோபைட்டுக்கு மேல் போனால்தான் தனிக்கோப்பு. எது எங்கே இருக்கிறது என்பதற்கு ஓர் அட்டவணைக் கோப்பு தனியாக உண்டு. ஃபயர்ஃபாக்ஸ் வேறு வழியில் போகிறது. இணைய முகவரியை, அது எந்தத் தளத்துக்காக வந்தது என்ற குறிப்போடு சேர்த்து ஒரு கணிதச் சூத்திரத்துக்குள் விட்டு, வெளியே வரும் 40 குறிகளையே கோப்பின் பெயராக்கிவிடுகிறது. முகவரி எத்தனை நீளமானாலும் 40 குறிதான். அதே தளத்தில் அதே முகவரிக்கு எப்போதும் அதே 40 குறி. முகவரியில் ஓர் எழுத்து மாறினால் பெயர் அடையாளமே தெரியாமல் மாறிப்போகும். எனவே தேடவே வேண்டாம், முகவரியும் தளமும் தெரிந்தால் கோப்பின் பெயர் தெரிந்துவிடும்.

கையால் இந்தக் கோப்புகளில் ஒன்றிரண்டை மட்டும் பிடுங்கி எடுப்பதில் பயனில்லை. அட்டவணை ஒன்று சொல்லும், டிஸ்கில் வேறொன்று இருக்கும். பழுது பெரிதென்று கண்டால் பிரவுசர் மொத்தக் கேஷையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கிக்கொள்ளும். அப்படிப் போட முடிவதே இந்த ஏற்பாட்டின் அழகு. இங்கிருப்பதெல்லாம் நகல். மூலம் எங்கோ பத்திரமாக இருக்கிறது.

சேர்த்து வைப்பது எளிது. வைத்திருப்பது இன்னும் செல்லுபடியாகுமா என்று அறிவதுதான் கடினம். மூலம் மாறிவிட்டது என்பது நகலுக்குத் தெரியாது. பிரவுசரும் தளத்தின் சர்வரும் பேசிக்கொள்வதற்கென்று 1997 ஜனவரியில் வெளியான எச்டிடிபி 1.1 விதிகள் இதற்கு இரண்டு வழி வகுத்தன. முதலாவது, ஆயுளை முன்கூட்டியே சொல்லிவிடுவது: இந்தக் கோப்பு இத்தனை நொடிக்குச் செல்லும் என்று சர்வர் எழுதி அனுப்பும், அதுவரை பிரவுசர் கேள்வியே கேட்காது. இரண்டாவது, அடையாளக் குறி. சர்வர் கோப்போடு ஈடேக் என்ற குறியைச் சேர்த்து அனுப்பலாம். ஆயுள் முடிந்ததும் பிரவுசர் முழுக் கோப்பையும் கேட்பதில்லை. ‘என்னிடம் இந்தக் குறியுள்ள நகல் இருக்கிறது, மாறிவிட்டதா?’ என்று மட்டும் கேட்கும். மாறவில்லை என்றால் 304 என்ற எண்ணோடு ஒரு குட்டிப் பதில் வரும். இரண்டு மெகாபைட் படத்துக்குப் பதில் சில நூறு பைட்டில் வேலை முடிந்துவிடும். நாம் பார்க்கும் பல பக்கங்களுக்கும் பின்னால் இந்தக் கேள்வி பதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

சர்வர் ஆயுளைச் சொல்லாமல் விட்டால்? பிரவுசர் ஊகிக்கிறது. கடைசியாக மாறி எத்தனை நாள் ஆயிற்று என்று பார்த்து, அதில் பத்தில் ஒரு பங்கை ஆயுளாக வைத்துக்கொள்வது வழக்கம். பத்து நாளாக மாறாத பக்கம் இன்னும் ஒரு நாள் மாறாது என்ற நம்பிக்கை. பெரும்பாலும் சரியாகத்தான் வரும். ஆனால் ஜூனியர் காலேஜ் சேர்க்கைப் பட்டியலை நினைத்துப் பாருங்கள். மும்பையில் பதினோராம் வகுப்புச் சேர்க்கை 2009 முதல் ஆன்லைனில் நடக்கிறது. பத்து நாள் ஆடாமல் அசையாமல் இருக்கும் ஒரு பக்கம், பட்டியல் வெளியாகும் காலையில் மாறும். அதற்கு ஆயுள் எழுதப்படாமல் இருந்தால், முந்தின மாலை அதைத் திறந்த கம்ப்யூட்டர் மறுநாள் காலையிலும் பழைய பக்கத்தையே நீட்டக்கூடும். பிள்ளை பதறும், அம்மா பதறுவார். பதற வேண்டாம், கேஷ் முழுவதையும் அழிக்கவும் வேண்டாம். ரீலோட் அழுத்தினாலே பிரவுசர் அந்தப் பக்கத்தைப் பற்றி சர்வரிடம் மறுபடி விசாரிக்கும். அப்போதும் சந்தேகம் இருந்தால் கண்ட்ரோலையும் எஃப்5-ஐயும் சேர்த்து அழுத்தலாம். கேஷைத் தொடாமல் எல்லாவற்றையும் புதிதாகவே கொண்டுவந்துவிடும்.

ஃபோல்டர் நிரம்பினால் எதை வெளியேற்றுவது? பத்துக்குப் பத்து அறையில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. பரணில் புதிதாக ஒன்று ஏற வேண்டுமென்றால் பழசு ஒன்று இறங்க வேண்டும், அடுத்த வாரமே தேவைப்படப் போவதை இறக்கிவிடவும் கூடாது. கம்ப்யூட்டரில் இது பிரவுசருக்கு முன்பே எழுந்த கேள்வி. மெதுவான பெரிய நினைவகத்துக்கு முன்னால் வேகமான சிறு நினைவகம் ஒன்றை வைத்து, அண்மையில் பயன்பட்டதன் நகலை அதில் வைக்கலாம் என்று கேம்பிரிட்ஜின் மாரிஸ் வில்க்ஸ் 1965-இல் எழுதினார். அடுத்த ஆண்டே, ஐபிஎம்மில் இருந்த ஹங்கேரியரான லாஸ்லோ பெலாடி விடையையும் சொன்னார்: இனிமேல் எது எல்லாவற்றையும்விடத் தாமதமாகத் தேவைப்படுமோ அதையே வெளியேற்று. இதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆனால் இதைச் செய்ய எதிர்காலம் தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கு இது கணினியியலின் மிக அழகான முடிவுகளில் ஒன்று. சரியாக மறப்பதற்கு வரப்போவது தெரிய வேண்டும், அது யாருக்கும் தெரியாது. அதனால் இயந்திரம் நடந்ததைப் பார்க்கிறது. நெடுநாளாகத் தொடப்படாதது இனியும் தொடப்படாது என்று எண்ணி அதை வெளியேற்றுகிறது. ஃபயர்ஃபாக்ஸ் எத்தனை முறை பயன்பட்டது என்பதையும் எவ்வளவு அண்மையில் பயன்பட்டது என்பதையும் சேர்த்து ஒரே மதிப்பெண்ணாக்கி, குறைந்த மதிப்பெண்ணை முதலில் அனுப்புகிறது. இந்த ஊகங்களெல்லாம் பெலாடியின் விடையோடு ஒப்பிட்டுத்தான் அளக்கப்படுகின்றன. முடிந்துபோன பதிவை எடுத்து, எதிர்காலம் தெரிந்திருந்தால் என்ன செய்திருக்கலாம் என்று கணக்கிட முடியுமல்லவா?

ஆகவே வேகம் கூடும் என்று வாரந்தோறும் கேஷை அழிப்பவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அழித்த மறுகணம் பிரவுசர் மெதுவாகத்தான் ஓடும். எல்லாவற்றையும் மறுபடி வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும், டேட்டாவும் செலவாகும். ஒரு பக்கம் உடைந்து தெரிந்தாலோ, டிஸ்க் நிரம்பித் திணறினாலோ அழிக்கலாம். போனிலும் அப்படித்தான். ஆண்ட்ராய்டில் இடம் குறைந்தால் செயலிகளின் கேஷை அதுவே அழித்துக்கொள்ளும். ஆனால் ‘கிளியர் கேஷ்’ பொத்தானுக்குப் பக்கத்திலேயே ‘கிளியர் டேட்டா’ என்று இன்னொன்று இருக்கும், சில போன்களில் ‘கிளியர் ஸ்டோரேஜ்’ என்று. முதலாவது நகல்களை மட்டும் போக்கும். இரண்டாவது செயலியைப் புதிதாக நிறுவிய நிலைக்கே கொண்டுபோய்விடும். பேக்கப் எடுக்காத வாட்ஸ்அப்பில் அதை அழுத்தினால் போனிலிருக்கும் உரையாடல்கள் போயே போய்விடும்.

அழிப்பதற்கு வலுவான காரணம் வேறு. கேஷ் பேசாது, ஆனால் அதன் வேகம் பேசும். 2000-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் ஃபெல்டனும் மைக்கேல் ஷ்னைடரும் இதைக் காட்டினார்கள். நீங்கள் திறந்திருக்கும் ஒரு தளம், இன்னொரு தளத்தின் படம் ஒன்றை உங்கள் பிரவுசரிடம் கேட்டு, வர எத்தனை மில்லி நொடி ஆகிறது என்று அளக்கலாம். உடனே வந்தால் அது கேஷில் இருக்கிறது, நீங்கள் அந்த இன்னொரு தளத்துக்குப் போயிருக்கிறீர்கள். அது ஒரு நோயைப் பற்றிய தளமாக இருந்தால்? பூட்டு எதையும் உடைக்கவில்லை, கடிகாரம் மட்டும் போதுமாயிருந்தது. இதற்கு மருந்தாக 2020 அக்டோபரில் குரோம் 86 தன் கேஷைத் தளவாரியாகப் பிரித்தது, 2021 ஜனவரியில் ஃபயர்ஃபாக்ஸும் பிரித்தது. ஒரே எழுத்துருவைப் பத்துத் தளங்கள் பயன்படுத்தினால் இப்போது பத்து நகல். குரோம் கணக்குப்படி நெட்வொர்க்கிலிருந்து வரும் பைட்டுகளின் பங்கு சுமார் 4 சதவீதம் கூடியது. அந்தரங்கத்துக்கு அது கொடுக்கத் தகுந்த விலைதான்.

ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் அமரும்போது ஆபத்து இவ்வளவு நுட்பமானதல்ல, அடுத்து வந்து உட்காருகிறவரின் கண்தான் முதல் ஆபத்து. கண்ட்ரோல், ஷிஃப்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும் பெட்டியில் பல வரிகள் இருக்கும். கேஷ் என்ற வரியை மட்டும் டிக் செய்தால் படங்கள் போகும், நீங்கள் லாகின் ஆன கணக்கு அப்படியே திறந்திருக்கும். லாகினைத் தாங்கியிருப்பவை குக்கிகள், அவற்றுக்குத் தனி வரி. இன்னும் நல்லது, தொடங்கும்போதே இன்காக்னிட்டோ ஜன்னலைத் திறப்பது. அதன் கேஷ் நினைவகத்தில் மட்டுமே இருக்கும், அந்த ஜன்னல்களையெல்லாம் மூடியதும் போய்விடும். வங்கித் தளங்கள் பல, தங்கள் பக்கங்களை டிஸ்கில் எழுதாதே என்று தாங்களே பிரவுசருக்குக் கட்டளையிடுகின்றன. ஆனால் 2011-இல் வந்த சைபர் கஃபே விதிகளின்படி, வருகிறவரின் அடையாளத்தைப் பதிவதும், பார்த்த தளங்களின் வரலாற்றைக் குறைந்தது ஓராண்டு வைத்திருப்பதும் கடைக்காரரின் பொறுப்பு. நீங்கள் அழிப்பது அந்தப் பதிவேட்டைத் தொடாது.

எதை அழித்தாலும் பிரவுசர் தொடாத இடம் ஒன்று உண்டு. அட்மிஷனுக்கென்று இறக்கிய மார்க்‌ஷீட், ஆதார் பிடிஎஃப் எல்லாம் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் பெயரோடு உட்கார்ந்திருக்கும். இன்காக்னிட்டோவில் இறக்கியதும் அங்கேதான் இருக்கும். அதை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டு எழுந்திருங்கள். கடைக்காரரின் நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரிண்டானால் அது அவருடைய போனில் இருக்கிறது. காசு கொடுக்கும்போது, “அண்ணே, அதை டெலிட் பண்ணிடுங்க” என்று கேட்டு, அவர் அழிப்பதைப் பார்த்துவிட்டு வரலாம்.