களிம்புதானே என்று பூசலாமா?

உடம்பில் எங்கேனும் அரிப்பெடுத்தால் பலரும் முதலில் போவது மருந்துக்கடைக்குத்தான். "அரிப்புக்கு ஒரு ஆயின்ட்மென்ட் கொடுங்க" என்று கேட்டால் கைக்கு வரும் டியூப்பில் பல சமயம் ஸ்டீராய்டு கலந்திருக்கும். பூசிய இரண்டொரு நாளில் அரிப்பு அடங்கிவிடுவதால், நல்ல மருந்து என்று வீட்டில் எல்லோரும் எடுத்துப் பூசத் தொடங்குகிறார்கள். இன்னொரு பக்கம், கரப்பான் வந்த குழந்தைக்கு மருத்துவரே எழுதிக் கொடுத்தாலும், ஸ்டீராய்டு என்ற பேரைக் கேட்டதும் பயந்து பூசாமல் விடும் பெற்றோர் இருக்கிறார்கள். அந்தக் குழந்தை இரவெல்லாம் சொறிந்து தூக்கம் கெடுகிறது. இரண்டுமே தவறு.

ஸ்டீராய்டு என்ன செய்கிறது?

சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அதையே மருந்தாக்கினால் ஹைட்ரோகார்டிசோன். அதைத் தோலில் பூசினால் அழற்சி தணிகிறது என்பதை 1952-இல் அமெரிக்க மருத்துவர்கள் சல்ஸ்பெர்கர், விட்டன் இருவரும் வெளியிட்டார்கள். கரப்பான், காளாஞ்சகப்படை, ஒவ்வாமைத் தடிப்பு ஆகியவற்றுக்கு இன்றும் முதல் வரிசை மருந்து இந்த வகைதான். பூசிய இடத்தில் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, சிவப்பு குறைகிறது. நோய் எதிர்ப்பு அணுக்களின் வேகம் மட்டுப்படுகிறது. அரிப்பும் வீக்கமும் தணிகின்றன. எதிர்ப்பை அடக்கும் இந்த ஆற்றல்தான் நோயைத் தணிக்கிறது. இடமும் அளவும் தப்பினால் கெடுதல் செய்வதும் இதே ஆற்றல்தான்.

எல்லா டியூப்பும் ஒன்றல்ல

1% ஹைட்ரோகார்டிசோன் மிக மென்மையானது. மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன் வேலரேட் போன்றவை அதைவிட வலுவானவை. க்ளோபெட்டசால் உச்ச வீரியம் கொண்டது. பெட்டியில் 0.05% என்று போட்டிருப்பதைப் பார்த்துக் குறைந்த வீரியம் என்று நினைத்துவிடக் கூடாது. வீரியத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது எந்த மருந்து என்பதுதான், சதவீதம் மட்டும் அல்ல.

பூசும் இடத்தையும் பார்க்க வேண்டும். முன்கைத் தோலோடு ஒப்பிட்டால் நெற்றி சுமார் 6 மடங்கும், விதைப்பைத் தோல் சுமார் 42 மடங்கும் ஹைட்ரோகார்டிசோனை உறிஞ்சுவதாக 1967-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தடித்த உள்ளங்காலுக்கு எழுதிய மருந்தை முகத்திலோ, அக்குளிலோ, தொடை இடுக்கிலோ பூசக் கூடாது என்பது இதனால்தான். டயப்பர் போன்றவை மூடியிருக்கும் இடத்தில் மருந்து இன்னும் அதிகமாக உள்ளே இறங்கும்.

எவ்வளவு பூசுவது?

ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனிவரை டியூப்பைப் பிதுக்குங்கள். அதுதான் ஒரு 'விரல்நுனி அளவு'. ஏறக்குறைய அரை கிராம். விரல்களைச் சேர்த்து வைத்த பெரியவரின் இரண்டு உள்ளங்கைப் பரப்புக்கு அது போதும். ஒரு கை முழுவதுக்கும் சுமார் 3, ஒரு கால் முழுவதுக்கும் சுமார் 6 விரல்நுனி அளவு ஆகும். குழந்தைக்கும் பெரியவர் விரலாலேயே அளக்க வேண்டும். எத்தனை அளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு முறைக்கு மேல் பூசுவதால் கூடுதல் பலன் இல்லை.

படர்தாமரையில் பூசினால்

படர்தாமரை பூஞ்சைத் தொற்று. அங்கே ஸ்டீராய்டு பூசினால் அரிப்பு அடங்கும். எதிர்க்க ஆளில்லாத பூஞ்சை உள்ளுக்குள் பரவும். வட்டமான ஓரம் மறைந்து, மருத்துவரே அடையாளம் காணத் தடுமாறும் அளவுக்கு உருமாறும். பூசுவதை நிறுத்தியதும் முன்பைவிடக் கடுமையாகக் கிளம்பும். ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த கிரீம்கள் நம் நாட்டில் தாராளமாகப் புழங்குவது, படர்தாமரை எளிதில் தீராத நோயாக மாறியதற்கு ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் தொடர்ந்து எச்சரிக்கிறார்கள்.

நிறத்துக்காகப் பூசாதீர்கள்

மொமெட்டசோன், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் கலந்த கிரீம் மங்குவுக்குக் குறுகிய காலம் மட்டும் தரப்படும் மருந்து. அதைச் சிவப்பழகு கிரீமாக மாதக்கணக்கில் பூசுகிறவர்களுக்குத் தோல் மெலிகிறது. நரம்புபோல் சிவந்த கோடுகள் தெரிகின்றன. பருவும் முடியும் வளர்கின்றன. வெயில் பட்டால் எரிகிறது. நிறுத்தினால் முகம் சிவந்து கொதிப்பதால் மறுபடியும் அதையே தேடுகிறார்கள். மாநிறமும் கருப்பும் நோயல்ல. அவற்றுக்கு மருந்து தேவையே இல்லை.

அளவறிந்து பூசுவோம்

2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை, மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத 'எச்' அட்டவணைக்குள் கொண்டுவந்தது. சட்டம் இருந்தும் நாம் கேட்டு வாங்கினால் பயனில்லை.

மருத்துவர் எழுதிக் கொடுத்தால் தயங்காமல், சொன்ன நாள்வரை பூசுங்கள். கூடவே ஈரப்பதம் காக்கும் பூச்சையும் விடாதீர்கள். நீண்ட நாள் பூசியதை நீங்களாக நிறுத்தாமல், அவர் சொல்படி படிப்படியாகக் குறையுங்கள். கண்ணருகே பூசும் முன் கட்டாயம் கேளுங்கள். கண் அழுத்தமும் கண்புரையும் வரக்கூடும். ஒருவருக்கு எழுதிய டியூப்பை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் டியூப்களை எல்லாம் எடுத்துச் சென்று, எது எதற்கு, எத்தனை நாளைக்கு என்று கேட்டு வாருங்கள்.