நாற்சார் வீடும் அதன் உள்ளமைப்பும்

முன்னோர் வாழ்ந்த முறையை அறிய விரும்புவோர் அரண்மனைகளையே நாடவேண்டுவதில்லை. அவர் குடியிருந்த வீட்டின் உட்புறத்தை உற்று நோக்கினாலே போதும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் விளங்கிய நாற்சார் வீடுகளை இந்நோக்கிற் சிறிது ஆராய்வாம்.

நாற்சார் வீட்டின் உயிர்நிலை அதன் நடுமுற்றமாகும். நாற்புறக் கூரைகளும் அதனை நோக்கிச் சரிந்திருக்கும். அறைகளுக்கு வேண்டிய ஒளியும் காற்றும் அவ்வழியே வந்தன. மழைநீரும் அதனுள் வீழ்ந்து தூம்பின் வழியே வெளியேறிற்று. பனையின் வைரமே கூரையைத் தாங்கிற்று. ஓலை வேய்ந்த இடத்தில், வசதி படைத்தோர் ஓடு வேயத் தலைப்பட்டனர். 1865இல் மங்களூரிலே பாசல் மிசனார் தொடங்கிய தொழிற்சாலையின் வழிவந்த தட்டையோடு இங்கும் பரவிற்று.

வீட்டுப் பொருள்களின் பெயர்களை நோக்குமிடத்து மற்றோர் உண்மை புலனாகும். திண்ணை, முற்றம், அடுக்களை என்பன நம் பழஞ்சொற்கள். விறாந்தை, யன்னல், கதிரை, மேசை, அலுமாரி என்பன, 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரின் மொழி தந்தவை. 1658இல் அவரை வென்ற ஒல்லாந்தர் மேசைக்கு லாச்சியை ஈந்தனர். ஆங்கிலேயர் காலத்துச் சீமெந்து, சாணமிட்டு மெழுகிய தரையை மாற்றிற்று. ஆகவே, சாய்மனைக் கதிரையை விறாந்தையில் இட்டுப் புராணம் படித்த பெரியவர், பல காலங்களின் நடுவே அமர்ந்திருந்தார் எனலாம்.

பெட்டகமோ களஞ்சியமும் கட்டிலும் ஒருங்கே ஆயது. உள்ளே நெல்லும் பித்தளைப் பாத்திரங்களும் கூறைச் சேலையும் இருக்கும். மேலே ஒருவர் துயில்வர். கள்வன் வரின், துயில்பவரை எழுப்பியே அதனைத் திறத்தல் வேண்டும்!

எம் பேரனார் இல்லத்திலும் அத்தகைய பெட்டகம் ஒன்றிருந்தது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் பெயர்ந்தபோது நாமும் பெயர்ந்தோம். மறுவாண்டு மீண்டபோது பெட்டகத்தைக் கண்டிலோம். கதவுகளும் யன்னல்களும் இருந்தவிடத்திற் சுவரின் வெற்றுவாய்களே எஞ்சியிருந்தன. எனினும் பழியனைத்தையும் போரின்மேற் சுமத்துதல் முறையன்று. எஞ்சிய வீடுகள் பலவற்றை நாமே இடித்தோம். நிலைகளையும் தூண்களையும் நாமே விற்றோம்.

அண்மையில் எமது வகுப்பிலே, "முற்றம் எங்கே உளது?" என வினவினோம். "வீட்டிற்கு வெளியே" என்றனர் மாணவர் அனைவரும். அவர் விடை பிழையன்று; ஆயின் வீட்டினுள்ளும் வானம் இருந்த காலமொன்றுண்டு என்பதை அவருள் ஒருவரும் அறிந்திலர். பொருள் மறையப் பொருளுணர்வும் மறைகின்றது.

பழைய மாணவராகிய அன்பர்களுக்கு இந்த யூபிலி ஆண்டிலே எமது வேண்டுகோள் ஒன்றே. பழைய வீட்டை இடித்தே தீரவேண்டுமாயின், அதன்முன் முற்றத்தை அளந்து, அறைகளைப் படம்பிடித்து, ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் வீட்டு முதியோரிடம் கேட்டெழுதி, ஒரு படியைக் கல்லூரி நூலகத்திற்கு அளியுங்கள். வீட்டைக் காக்க இயலாவிடினும் அதன் நினைவையேனும் நம் பிள்ளைகளுக்குக் கையளிப்போமாக.